காது டாக்டர் எப்போது வருவார்?

தென்காசி பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், இணையதளம் செய்யக் கற்றுக்கொடுக்கும் குரு ஒருவர் இருந்தார். பெயர் குழல்வாய்மொழி. வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்காது. அவரிடம் படிக்க வந்தவர்களில் மூத்தவர் ஆறுமுகநயினார். தாலுகா அலுவலகப் பதிவறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சீடர் குருவை டீச்சர் என்பார், குரு சீடரை அண்ணாச்சி என்பார். இதில் அவர்கள் இருவருக்கும் ஒரு சங்கடமும் இல்லை. தெருவில் இருந்தவர்களுக்குத்தான் இருந்தது.

நயினார் இந்த வயதில் இங்கே வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. வேலையில் இருந்த காலமெல்லாம் எத்தனையோ கோப்புகள் அவர் கையில் ஏறி இறங்கின. ஒன்றிலும் அவர் பெயர் கிடையாது. ஓரத்தில் ஒரு சுருக்கொப்பம், அத்தோடு சரி. தன் பெயர் எங்கேயாவது ஓரிடத்தில் முழுசாக நிற்க வேண்டும், அதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. சின்ன ஆசைதான். ஆனால் அது அவரைப் பாடாய்ப் படுத்தியது.

அந்த மாடியில் அதற்கு வழி இருந்தது. ஒருவர் செய்த முதல் இணையதளம் தேறிவிட்டால், அவர் தன் பெயரை அதில் போட்டுக்கொள்ளலாம். தேறாவிட்டால் கிடையாது.

தேறுவதுதான் லேசில்லை. பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் யாராவது ஒருவரை, நன்னாரி சர்பத் தருவதாகச் சொல்லி மாடிக்கு அழைத்து வருவார்கள். கணினி முன்னால் உட்காரவைத்து, இன்னதைக் கண்டுபிடியுங்கள் என்று குரு சொல்வார். தளத்தைச் செய்தவர் வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். வந்தவர் கண்டுபிடிக்கும்வரை விழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது. வாயைத் திறந்து வழி சொன்னால் தோல்வி.

“பேசாம இருன்னு சொன்னா இருக்க மாட்டோமா டீச்சர்? தண்ணி எதுக்கு?” என்று நயினார் கேட்டிருக்கிறார்.

“இருக்க மாட்டீங்க அண்ணாச்சி” என்றார் குரு.

நயினாருக்குக் கிடைத்த முதல் வேலை, ஊரில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனையின் தளம். மனிதர் ராப்பகல் பார்க்காமல் உழைத்தார். பதிவறையில் பழகிய கை, சும்மா இருக்குமா? நிர்வாகம், பணியமைப்பு, பிரிவுகள், கட்டடம், இதர என்று தலைப்பு போட்டார். தலைப்புக்குள் உட்தலைப்பு, அதற்குள் இன்னொன்று. எதிலும் அடங்காததெல்லாம் இதரவுக்குள் போனது. அந்தச் சொல்லின் மேல் அவருக்குத் தனிப் பிரியம். பதிவறையில் இதரவுக்கென்றே ஓர் அலமாரி வைத்திருந்தவர் அவர்.

முதல் சோதனைக்கு வந்தது ஆலங்குளம் பஸ்ஸுக்கு நின்ற ஓர் அம்மாள். பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நயினார் கன்னம் புடைக்கத் தண்ணீரை அடக்கிக்கொண்டார்.

“உங்களுக்குக் காது வலின்னு வச்சுக்கிடுங்க. காது டாக்டர் எப்போ வருவாருன்னு இதுல பாத்துச் சொல்லுங்க” என்றார் குரு.

அம்மாள் பிரிவுகளைத் தொட்டார். ஆண்கள் பிரிவு, பெண்கள் பிரிவு என்று வந்தது. கட்டடத்துக்குள் போய்ப் பார்த்தார். எந்த மாடியில் எத்தனை படுக்கை என்று இருந்தது. இதரவில் கேன்டீனும், ஆம்புலன்ஸும், வண்டி நிறுத்துமிடமும், குழந்தைகளுக்கான தடுப்பூசியும் ஒன்றாகக் கிடந்தன. திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தார். நயினாரின் கழுத்து நரம்பு தெறித்தது. காது டாக்டரை அவர் பணியமைப்பில், மருத்துவ அலுவலர்களில், வருகை தருவோரில், கால அட்டவணையில் பத்திரமாக வைத்திருந்தார். அம்மாளின் விரல் பணியமைப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது. அப்புறம் மெதுவாக விலகியது.

நயினார் தண்ணீரை மடக்கென்று விழுங்கினார். “பணியமைப்பும்மா, பணியமைப்பு” என்று கத்தியேவிட்டார்.

அம்மாள் திரும்பிப் பார்த்தார். “எனக்குக் காதே வலிக்கல. சர்பத் நல்லாருந்துச்சு, நான் வாரேன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

நயினார் சோர்ந்துவிடவில்லை. இந்தத் தளத்தைப் பயன்படுத்துவது எப்படி என்று ஒரு தனிப் பக்கமே எழுதினார். விதிமுறைகள் மாதிரி வரிசையாக, தெளிவாக எழுதியிருந்தார். தலைப்புகளுக்குப் பக்கத்தில் மினுக்மினுக்கென்று அம்புக்குறிகள் வைத்தார். அடுத்த சோதனைக்குக் கல்லூரிப் பையன் ஒருவன் வந்தான். வழிகாட்டும் பக்கத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அம்புக்குறிகளை விளம்பரம் என்று நினைத்து, அவை இல்லாத இடமாகத் தேடிக்கொண்டு போனான். இந்தத் தடவை தண்ணீர் வெளியே வந்தது. பையனின் சட்டை நனைந்தது.

இதற்குள் மருத்துவமனைக்காரர்களுக்குப் பொறுமை போய்விட்டது. இந்த மாதத்துக்குள் முடியாவிட்டால் வேலையைச் சென்னையில் ஒருவரிடம் கொடுத்துவிடுவோம் என்று சொல்லியனுப்பினார்கள். நயினார் தன் பெயர் வரப்போகும் சேதியைத் தெருவில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றியது.

குருவின் முன்னால் போய் நின்றார்.

“காலேஜு படிக்கிறவனுக்கே புரியல டீச்சர். புரியாதவங்களுக்குப் புரிய வைக்க என்னதான் வழி?”

குரு யோசிக்கவே இல்லை.

“நாளைக்கு மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வாங்க அண்ணாச்சி.”

கேட்டதற்கும் சொன்னதற்கும் என்ன சம்பந்தம் என்று நயினாருக்கு விளங்கவில்லை. ஆனாலும் சாப்பாடு என்றால் மறுக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. காலையில் இட்லியைக்கூடக் குறைத்துக்கொண்டு, சொன்ன நேரத்துக்குப் போய்விட்டார்.

கூடத்தில் தலைவாழை இலை போட்டிருந்தது. இலையில் ஆவி பறக்கச் சோறு. வேறு ஒன்றும் இல்லை. இலைக்கு எதிரே நான்கு டிபன் கேரியர்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அடுப்பு, அம்மி, வாணலி, இதர.

“எல்லாம் இதுலதான் இருக்கு. எடுத்துப் போட்டுச் சாப்பிடுங்க” என்றார் குரு. சொல்லிவிட்டு ஒரு செம்பை எடுத்து வாய் நிறையத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

நயினார் சாம்பாரைத் தேடி அடுப்பைத் திறந்தார். மேலடுக்கில் பாயசம். அதை எடுத்துக் கீழே வைத்தால் அடுத்ததில் ரசம், அதற்கும் கீழே கூட்டு. சாம்பார் அடித்தட்டில் இருந்தது. ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். உப்பு இல்லை.

“உப்பு எங்க டீச்சர்?”

குரு தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

அம்மியைத் திறந்தார். தேங்காய்த் துவையல், இஞ்சித் துவையல், பருப்புத் துவையல். வாணலியில் அப்பளமும் உருளைக்கிழங்குப் பொரியலும் வாழைக்காய் வறுவலும் இருந்தன. பிசைந்த கையோடு இடது கையால் கொக்கியைத் திறந்து, அடுக்கைத் தூக்கி, மறுபடி மாட்டி, மறுபடி திறந்தார். சோறு ஆறிக்கொண்டே வந்தது. வயிறு கூப்பாடு போட்டது. குருவோ கன்னத்தை உப்பிக்கொண்டு, கண்ணில் சிரிப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் இதர. மேலடுக்கில் வெற்றிலை பாக்கு, அடுத்ததில் வாழைப்பழம், அடுத்ததில் ஊறுகாய். அடித்தட்டில், கால் கிண்ணம் உப்பு.

நயினாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“உப்பைக் கொண்டுபோய் யாராவது இங்க வைப்பாங்களா? இலையில இடது ஓரத்துல இருக்க வேண்டிய சாமான். சாப்பிட வந்தவன் உங்க வீட்டு அடுப்பு எது, அம்மி எதுன்னா பாத்துக்கிட்டு இருப்பான்?”

குரு தண்ணீரை விழுங்கினார்.

“எங்க சமையல்கட்டுல எது எங்க தயாராச்சோ அதே வரிசையிலதான் வச்சேன் அண்ணாச்சி. ஒண்ணும் தப்பில்லையே. இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா?”

நயினாரின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவே நின்றுவிட்டது. குருவைப் பார்த்தார். கேரியரில் இருந்த சீட்டுகளைப் பார்த்தார். காதெல்லாம் சூடேறியது. அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சிரிப்பில் புரை ஏறியது. குரு தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார். அன்று நயினார் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் அவர் மாடிக்கு வரவில்லை. மருத்துவமனைக்குப் போய், விசாரணை ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். நோயாளி என்று நினைத்து நர்ஸ் இரண்டு முறை பெயர் கேட்டுவிட்டுப் போனார். ஜன்னலுக்கு வந்தவர்கள் கேட்பதை மட்டும் அவர் காதில் வாங்கிக்கொண்டிருந்தார். டாக்டர் வந்துட்டாரா, இன்னைக்கு உண்டா, சாப்பிட்டுட்டு வரணுமா, வெறும் வயித்துல வரணுமா, ரத்தம் பாத்த ரிசல்ட் வந்துருச்சா. பணியமைப்பு எங்கே என்று சாயங்காலம்வரை ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை.

தளத்தைப் பிரித்துப் போட்டு முதலிலிருந்து கட்டினார். திறந்ததும் ‘டாக்டர் எப்போது வருவார்?’ என்றுதான் இருந்தது. அதற்குக் கீழே கண், காது, பல், குழந்தைகள், எலும்பு என்று ஜனங்கள் சொல்கிறபடியே சொற்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். அம்புக்குறிகள் போயின. இரவு கண் விழித்து எழுதிய வழிகாட்டும் பக்கமும் போனது. இதரவை அழிக்கிறபோது மட்டும் அவருக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, அதது கேட்கப்படுகிற இடத்தில் வைத்துவிட்டுத்தான் அழித்தார்.

மூன்றாவது சோதனைக்கு வந்தவர் செங்கோட்டைக்காரர். ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்க வந்தவரை அப்படியே மேலே கூட்டி வந்திருந்தார்கள். பார்த்தாலே தெரிந்தது, சுள்ளென்று பேசுகிற மனிதர். நயினார் தண்ணீரை வாயில் நிரப்பிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

குரு காது டாக்டரைக் கேட்டார்.

“புதனும் சனியும்தானா? அதுவும் சாயங்காலமா?” என்ற சத்தம் கேட்டு நயினார் கண்ணைத் திறந்தார். அவர் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்திருந்தது.

“மத்த நாள்ல வலிச்சா மனுசன் என்ன செய்வான்? காது என்ன, நாள் பாத்தா வலிக்கும்? இவங்களுக்கெல்லாம் எதுக்கு ஆஸ்பத்திரி?” செங்கோட்டைக்காரர் அந்த மருத்துவமனையை ஒரு பிடி பிடித்தார். பிடித்து முடித்ததும் சர்பத்தை ஒரே மூச்சில் குடித்தார். ரேஷன் கார்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பஸ் வந்துவிடும் என்று கிளம்பிப் போய்விட்டார்.

நயினார் தண்ணீரை விழுங்கினார். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். போனவர் திரும்பி வந்து ஏதாவது சொல்வாரோ என்று இருந்தது. யாரும் வரவில்லை. எத்தனை நாள் பாடு, எவ்வளவு அழித்து எழுதியது. அவருக்குத் துக்கமாகவே இருந்தது.

“நம்ம தளத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே டீச்சர். நல்லாருக்குன்னோ, இல்லைன்னோ. இப்படி ஒண்ணு இருக்கிறதே அவருக்குத் தெரியலையே.”

“ஆமா அண்ணாச்சி. தேறிட்டீங்க. பேரைப் போட்டுக்கிடுங்க.”

நயினாருக்கு முதலில் காதில் விழவில்லை. விழுந்ததும் எழுந்து நின்றுவிட்டார். ஓடிப்போய்க் கணினி முன்னால் உட்கார்ந்தார். ஆறுமுகநயினார் என்று முழுசாக அடித்தார். பெரிய எழுத்தில் அடித்தார். பக்கத்தின் உச்சியில் வைத்துப் பார்த்தார், நடுவில் வைத்துப் பார்த்தார். காதுக்கும் பல்லுக்கும் இடையில்கூட வைத்துப் பார்த்தார். ஓரிடத்திலும் மனசு நிற்கவில்லை. குருவைத் திரும்பிப் பார்த்தார்.

“எங்க போடட்டும் டீச்சர்?”

“யாரு வழியையும் மறிக்காத இடமாப் பாத்துப் போடுங்க, அண்ணாச்சி.”