மடைக்காவலனும் மூட்டை அரிசியும்

ராசா கதை கேட்டுக் கேட்டு உங்களுக்கும் சலித்திருக்கும், சொல்லிச் சொல்லி எனக்கும் சலித்துப் போச்சு. அதனால் இன்றைக்கு ராசா எட்டியே பார்க்காத ஓர் ஊரின் கதை.

அந்த ஊருக்கு வெண்கரை என்று பேர். அங்கே ஒரு பெரிய ஏரி, ஏரிக்கு மூன்று மடை, மூன்று மடைக்கும் சேர்த்து ஒரே ஒரு காவலன். அவன் மடைப் பலகையைத் தூக்கினால் வயலுக்குத் தண்ணீர், இறக்கினால் வெடிப்பு. அப்படியானால் அங்கே ராசா யார் என்று நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

மூன்று வருசத்துக்கு ஒருமுறை ஊரே கூடிக் காவலனைத் தேர்ந்தெடுக்கும். போட்டிக்கு நிற்பவர்கள் ஆளுக்கொரு பானை வைப்பார்கள். வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை. பிடித்தவன் பானையில் போடலாம். அதற்கு முன்னால் நிற்பவன் தெருத்தெருவாகத் தப்புப் பறை அடித்துப் பேச வேண்டும், கேட்க வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற வேண்டும். அந்தக் கஞ்சிக்கு வீட்டுக்கு ஒரு பிடி அரிசி வரும். ஒரு பிடிக்கு மேல் யாரும் கொடுக்கக் கூடாது. ஊர் வழக்கம் அது.

ஒரு வருசம் நல்லாண்டி என்பவன் நின்றான். நல்லவன்தான், பொய் சொல்லத் தெரியாதவன். ஆனால் எதிரே நின்ற வேம்படியான் பானைக்குப் பட்டுத்துணி சுற்றி, கஞ்சிக்குப் பதிலாக நெய்ச்சோறு போட்டான். நெய் வாசனையில் ஊர் வழக்கம் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. ஊர் முழுக்க அவன் பந்தியில்தான் உட்கார்ந்திருந்தது. நல்லாண்டியின் கஞ்சியில் ஈ உட்கார்ந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து வந்தார் தனதத்தன். ஏரிக்கரையில் கரும்புத் தோட்டமும் ஆலையும் வைத்திருந்த வணிகக் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். அந்தக் கூட்டத்தைச் சாத்து என்பார்கள்.

"என்ன நல்லாண்டி, இந்தக் காலத்துல பிடியரிசியை வச்சு ஜெயிக்க முடியுமா? பத்து மூட்டை அரிசியும் நெய்யும் அனுப்பறேன், நீயும் நெய்ச்சோறு போடு. ஏழைகளை ஏன் தொந்தரவு பண்ணணும்?"

நல்லாண்டிக்கு நெஞ்சு உறுத்தியது. 'ஜெயித்து நல்லது செய்தால் போதாதா, அரிசி எந்த வீட்டு அரிசியாக இருந்தால் என்ன' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மூட்டை வந்தது. ஊர் தின்றது. நல்லாண்டி ஜெயித்தான்.

அன்றைக்குப் போன நிம்மதிதான், திரும்பி வரவே இல்லை.

முதல் மாசம் தனதத்தன் வந்தார். "ஒரே ஒரு நாள், கரும்புக்கு முதல்ல தண்ணி விடு." ஒரு நாள்தானே என்று விட்டான். இரண்டாம் மாசம் வந்தார். "மூணு நாள், தம்பி." வாயைத் திறந்தால் நெய்ச்சோற்று ஏப்பம்தான் வந்தது, விட்டான். மூன்றாம் மாசம் வந்தார். "கடைமடையைப் பத்து நாளைக்கு அடைச்சுடு. கரும்பு சாறு கட்டற நேரம்."

கடைமடையில் நெல் பால் பிடிக்கும் நேரம் அது. பத்து நாள் தண்ணீர் இல்லாவிட்டால் அத்தனையும் பதர். நல்லாண்டியின் தங்கை சிலம்பாயியின் வயலும் அங்கேதான் இருந்தது.

"ஐயா, அது மட்டும் வேண்டாமே" என்றான்.

தனதத்தன் சிரித்தார். "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்க. நீ மூணு மாசம்கூட நினைக்க மாட்டியா? உன்னை நம்பியா நாங்க இருந்தோம்? வேம்படியான் போட்ட நெய்ச்சோறும் எங்களுதுதான். எந்தப் பானை நிறைஞ்சாலும் மடை எங்களுது."

அட பாவி மனுசா! ஆனாலும் பாருங்கள், நல்லாண்டியின் கை போய்ப் பலகையை இறக்கிவிட்டது. தின்ற கை அல்லவா!

அதன் பிறகு அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கரையில் கிழக்கே நடப்பான், மேற்கே நடப்பான், பலகையைத் தொடுவான், விட்டுவிடுவான். ஐந்தாம் நாள் சிலம்பாயி வந்தாள். கையில் ஒரு கதிர், பிதுக்கினால் பாலே வரவில்லை.

"அண்ணே, மடையில நீ நிக்கறேன்னு நம்பித்தானே விதைச்சேன்? என் பிள்ளைங்க கரும்புச் சக்கையைத் திங்கட்டுமா?"

நல்லாண்டி நேரே போய்க் கடைமடைப் பலகையைத் தூக்கினான். பிறகு தப்பை எடுத்து மாட்டிக்கொண்டு ஊரைக் கூட்டினான்.

"நான் சாத்து மூட்டையில ஜெயிச்சவன். அவங்க சொன்னதுக்கெல்லாம் பலகையை இறக்கினேன். எனக்கு இந்தக் காவல் வேண்டாம்."

"துரோகி!" என்று கத்தினார்கள்.

"ஆமா. ஆனா அந்தச் சோத்தை நான் மட்டுமா தின்னேன்? பந்தியில ரெண்டாம் தடவை நெய் கேட்டது யாரு?"

கத்தியவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

மறு தேர்தலுக்கு நாள் குறித்தார்கள். பழையபடி வீட்டுக்கு ஒரு பிடி, அதற்கு மேல் ஒரு மணிகூடக் கூடாது. நிற்பவர்கள் எல்லாருக்கும் பொதுவாக அரிசி வாங்கும் அண்டாவுக்கு நல்லாண்டியையே காவல் வைத்தார்கள். சுட்டுக்கொண்ட கை அல்லவா, இனிமேல் ஜாக்கிரதையாக இருக்கும்.

அரிசி போடும் அன்றைக்குத் தனதத்தன் நூறு மூட்டையோடு வந்து இறங்கினார். "சாத்தும் இந்த ஊருலதானே இருக்கு? கொடுக்கற உரிமை அதுக்கு மட்டும் இல்லையா? இதென்ன நியாயம்?"

கூட்டம் திகைத்தது. கேள்வி நியாயமாகத்தானே இருக்கிறது!

நல்லாண்டி எழுந்தான். "உரிமை உண்டுங்க, ஐயா. ஆனா இது பிடியரிசி, கையால அள்ளித்தான் போடணும். சாத்தை வரச் சொல்லுங்க. அதோட கை எங்கே?"

"சாத்துக்கு ஏதுப்பா கை?"

"அப்ப வாயாவது இருக்கா? இந்த ஏரித் தண்ணி இல்லேன்னா அதுக்குத் தாகம் எடுக்குமா?"

தனதத்தன் தன் மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தார். நல்லாண்டி விடவில்லை.

"அதுக்குத் தாகம் கிடையாது, பசி கிடையாது, அழப் பிள்ளையும் கிடையாது. உங்களுக்கு எல்லாம் உண்டு. உங்களுக்குக் கையும் இருக்கு. உங்க வீட்டுக்கு ஒரு பிடி, எங்க வீட்டுக்கும் ஒரு பிடி. தாராளமாப் போடுங்க, வாங்க."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. தனதத்தன் மெல்லக் குனிந்து, ஒரே ஒரு பிடி அள்ளி அண்டாவில் போட்டார். நூறு மூட்டையும் வந்த வண்டியிலேயே திரும்பிப் போனது.

அன்றைக்குக் கஞ்சி தண்ணீராகத்தான் இருந்தது. நெய் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. காவலுக்கு வேறொருவன் வந்தான். நல்லாண்டியை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அவனும் நிற்கவில்லை. சிலம்பாயியின் வயலில் அந்த வருசம் பாதி நெல், பாதி பதர். அந்தப் பதரில் ஒரு முறம் வாங்கி வந்து, துணியில் முடிந்து, நல்லாண்டி தன் வீட்டு வாசலில் தொங்கவிட்டான். சாகும்வரை அதை அவிழ்க்கவில்லை.

ஒருவன் கொடுத்த மூட்டையில் பதவிக்கு வந்தவன் ஊருக்குக் காவல் நிற்க மாட்டான். ஊருக்குக் காவல் நிற்க வேண்டியவனை ஊரே ஆளுக்கொரு பிடி போட்டு நிறுத்த வேண்டும்.