கொதிக்கும் கொப்பரையும் சக்கரவர்த்தியின் பேத்தியும்

கிழக்குக் கடலில், பின்னாளில் ஜப்பான் என்று பேர் பெற்ற தீவுகளை ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். அங்கே கடல் தாண்டிப் பிழைக்க வந்தவர்கள் ஏராளம். பானை வனைய வந்தார்கள், இரும்பு அடிக்க வந்தார்கள், பட்டு நெய்ய வந்தார்கள். வந்தவர்கள் வேலையைப் பார்த்தார்கள். பேரப்பிள்ளைகள் வம்சம் பேசினார்கள்.

"எங்க தாத்தா அக்கரையில ராஜா" என்றான் குயவன். "எங்க தாத்தா ராஜாவுக்கே ராஜா" என்றான் கொல்லன். நெசவுக்காரி இமோமேயின் தம்பி கோமாரோ சும்மா இருப்பானா? "எங்க தாத்தா சக்கரவர்த்தி" என்று அரண்மனையில் அளந்துவிட்டு, பட்டமும் நிலமும் வாங்கி வந்தான். இமோமேக்கும் அது கொஞ்சம் இனிக்கத்தான் செய்தது, பொய் சொல்வானேன்!

ராஜாவுக்குத் தலை சுற்றியது. "அக்கரையில் குடிமக்களே கிடையாதா?" என்று கேட்டார். வம்சம் பேசினவர்கள் எல்லாரும் கொப்பரைச் சோதனைக்கு வரவேண்டும் என்று உத்தரவும் போட்டார்.

அந்த நாட்டு வழக்கப்படி கோயில் முற்றத்தில் கொப்பரை நிறையத் தண்ணீர் கொதித்தது. வீட்டுக்கு மூத்தவர் தன் வம்சத்தைச் சொல்லி, உள்ளே கைவிட்டு அடியில் கிடக்கும் கல்லை எடுக்கவேண்டும். மெய் என்றால் கை வேகாது. பொய் என்றால் வெந்துபோகும்.

இமோமேதான் மூத்தவள். அவள் நெய்தால்தான் வீட்டில் சோறு.

"ஏன்டா, புளுகினது உன் வாய், வேகப்போறது என் கையா?"

"உண்மையைச் சொன்னா நிலம் போயிடும் அக்கா! சட்டுன்னு விட்டு எடுத்துடேன்."

குயவன் கொப்பரையைப் பார்த்தான். வயிற்றுவலி என்று போய்விட்டான். கொல்லன் பார்த்தான். பட்டறையில் வேலை கிடக்கிறது என்று போய்விட்டான். மூன்றாவதாக இமோமே வந்தாள். ஆவி முகத்தில் அடித்தது.

"யார் வம்சம்?" என்றார் ராஜா.

"எங்க தாத்தா படகுல துடுப்புப் போட்டவர் மகாராஜா. பஞ்சம் பிழைக்க வந்தார். வழியெல்லாம் வாந்தியாம்."

கோமாரோ தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். இமோமே கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள்.

"வேண்டாம்" என்றார் ராஜா. "இப்படி ஒரு பொய்யை யாரும் ஆசைப்பட்டுச் சொல்லமாட்டார்கள். பட்டத்தையும் நிலத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போ."

இமோமே வேகாமல் தப்பிய தன் இரண்டு கையையும் பார்த்துப் பார்த்து அழுதாள்.

சேதி கேட்டுக் குயவனும் கொல்லனும் மூச்சிரைக்க ஓடிவந்தார்கள். "எங்க தாத்தாவும் துடுப்புத்தான் போட்டார்!"

"சந்தோஷம்" என்றார் ராஜா. "உங்களுக்காகத்தான் தண்ணீர் கொதிக்கிறது, வாருங்கள்."

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: இல்லாத பெருமையை யார் பேசினாலும், அதற்கு ஒருநாள் சொந்தக் கையைத்தான் நீட்டவேண்டிவரும்.