மதிவல்லி போட்ட மாயத் தோடு

முன்னொரு காலத்தில், மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த கொன்றை நாட்டில் மதிவல்லி என்று ஓர் அரசி இருந்தாள். தன்னைப் போல் அறிவாளி எங்குமே இல்லை என்பது அவள் எண்ணம். யாரும் சோதித்துச் சொன்னதில்லை, அவளே சொல்லிக்கொண்டதுதான். அதற்குத் தலையாட்டாதவர்மேல் மூன்று நாள் கோபமாக இருப்பாள்.

ஒருநாள் காட்டிலிருந்து கருங்காடன் என்ற மந்திரவாதி வந்து, ஒரு ஜோடி நீலக்கல் தோடு கொடுத்தான்.

"தாயே, இதைப் போட்டால் உங்களைவிட அறிவு குறைந்தவர் பேச்சு உங்கள் காதில் விழாது."

"யார் குறைந்தவர் என்று தோட்டுக்கு எப்படித் தெரியும்?"

"அதற்குத் தெரியாது. நீங்கள் யாரை நினைக்கிறீர்களோ அவர்தான்."

மதிவல்லி உடனே போட்டுத் திருகாணியை முடுக்கினாள். கழற்றும் வழியைச் சொல்ல அவன் வாய் திறந்தான். காட்டில் கிடப்பவனுக்கு என்ன தெரிந்துவிடும் என்று அவள் நினைத்தாள். அவ்வளவுதான். உதடு அசைந்தது, ஓசை வரவில்லை. பக்கத்தில் நின்ற தங்கை பூங்கோதையிடம் அதைச் சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

மறுநாள் மந்திரி பேசினார். உதடு அசைந்தது, ஓசை வரவில்லை. அடுத்த நாள் பாடம் சொல்லித்தந்த ஆசிரியர் வந்தார். அவருக்கும் அப்படியே. மூன்றாம் நாள் பூங்கோதை வந்தாள். அவளை அக்கா சின்ன வயதிலிருந்தே மக்கு என்றுதான் கூப்பிடுவாள். உதடு அசைந்தது, ஓசை வரவில்லை. தங்கை ஓலையில் எழுதி நீட்டினாள். மக்கு எழுதியதைப் படிப்பானேன் என்று அக்கா அதை அடுப்பில் போட்டாள்.

முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு மழை வந்தது, பனி வந்தது, வெயில் வந்தது. பேச்சுக்குப் பதில் கிடைக்காத வேலைக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். பூங்கோதை மட்டும் தினமும் வாசலில் நின்று உதட்டை அசைத்துவிட்டுப் போவாள். மதிவல்லி தானே கேள்வி கேட்டாள், தானே பதில் சொன்னாள். காக்கை கரைவது மட்டும் கேட்டது. அது கேட்பதற்காகவே தினமும் சோறு வைத்துவிட்டுக் காத்திருந்தாள். தோட்டைக் கழற்றப் பார்த்தாள். எண்ணெய் தடவியும் திருகாணி அசையவில்லை. இனிமேல் சாகும்வரை ஒரு மனுஷக் குரல் கேட்காதோ என்று நெஞ்சு பதறியது. யாருக்குத்தான் பதறாது, சொல்லுங்கள்?

தண்ணீர் இறைக்கவும் ஆளில்லை. தானே கிணற்றடிக்குப் போய்க் குடத்தில் கயிறு கட்டி இறக்கினாள். முடிச்சு அவிழ்ந்து குடம் முழுகியது. இரண்டாவது குடமும் முழுகியது. மூன்றாவதும் முழுகியது. வெறுங்கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பூங்கோதை இன்னொரு குடத்தோடு வந்து எதிரே நின்றாள்.

மதிவல்லி கயிற்றை அவளிடம் நீட்டினாள். "எனக்கு முடிச்சுப் போடத் தெரியலை பூங்கோதை. நீ சொல்லிக்கொடு."

திருகாணிகள் தாமாகவே சுழன்று, தோடு இரண்டும் கிணற்றில் விழுந்தன.

"குடத்தோட கழுத்தைச் சுத்தி ரெண்டு சுத்து சுத்து அக்கா," என்றது ஒரு குரல். "இப்போ இழு."

அது இவ்வளவு மெல்லிய குரல் என்பதையே அக்கா மறந்திருந்தாள்.

நிறைந்த குடம் மேலே வந்தது. போனவர்கள் எல்லோரையும் கூப்பிட்டனுப்பினார்கள். அன்றுமுதல் அரியணையில் தங்கைக்கும் பாதி இடம். ஆனால் கிணற்றடியை விட்டு எழுமுன் அரசி ஒன்று கேட்டாள்.

"தினமும் என் வாசலில் நின்னு என்னவோ சொல்லுவியே, என்ன அது?"

"முதல்ல கொஞ்ச நாள், தோட்டைக் கழற்றும் வழி."

"அப்புறம்?"

"சாப்பிட்டியான்னு கேட்பேன் அக்கா."