தம்பிக்கு வாங்கிய சோறு

கிருபாபுரம் வேதக்கோவில் போதகர் எப்சிபா அம்மாவுக்கு நாற்பது வயது. அவரிடம் வேதபாடம் படித்த ஒரே மாணவருக்கு அறுபத்து மூன்று. ஞானாபரணம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். பிரசங்கம் பண்ண வேண்டும் என்று இந்த வயதில் ஆசை வந்து, நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்துவிட்டார். கேள்வி கேட்டே ஆளை ஒரு வழி பண்ணிவிடுவார். அம்மாவுக்கு அவர் மேல் கொள்ளைப் பிரியம்.

சித்திரையில் அவருடைய தம்பி செல்லத்துரை இறந்துபோனான். முப்பது வருஷமாகக் கோவில் வாசலை மிதிக்காதவன். கடைசி நாளில் ஜெபம் பண்ண வந்தவர்களையும் "போய் வேலையப் பாருங்க" என்று அனுப்பிவிட்டான். இப்போது அவன் எங்கே இருப்பான் என்று நேரே கேட்க ஞானாபரணத்துக்குப் பயம். அதனால் வேதசாஸ்திரமாகக் கேட்டார்.

"அம்மா, இயேசு எல்லாருக்காகவும் மரிச்சாரா, தெரிஞ்செடுத்தவங்களுக்காக மட்டும் மரிச்சாரா?"

"நீங்க என்ன நெனைக்கிய அண்ணாச்சி?"

"கன்வென்ஷன் கூட்டத்துல பிரசங்கம் பண்ண வந்த ஐயரு எல்லாருக்கும்தான்னாரு. மறுநா வந்தவரு, ஆண்டவர் சிந்தின ரத்தம் வீணாப் போகாது, அதனால தெரிஞ்செடுத்தவங்களுக்கு மட்டும்தான்னாரு. ரெண்டு பேருக்கும் வசனம் இருக்கு. ரெண்டையும் நோட்டுல எழுதி வச்சிருக்கேன். தூக்கம்தான் வரமாட்டேங்கு."

அம்மா வேதாகமத்தை மூடி வைத்தார்.

"நாளைக்கு அசனம். பரிமாற ஆள் காணாது. காலையில வெள்ளனே வந்திருங்க."

கேட்டது என்ன, சொன்னது என்ன. ஞானாபரணத்துக்குக் கோபம்தான். ஆனாலும் போனார்.

அசனம் என்றால் கோவில் பண்டிகையில் ஊருக்கே போடுகிற சாப்பாடு. சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும். சபையார், சபையில் சேராதவர், பக்கத்து ஊர்க்காரர், பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்த கண்டக்டர், யாரானாலும் பந்தியில் உட்காரலாம். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டார் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போவார்கள்.

மத்தியானம் வரை ஞானாபரணம் குனிந்து நிமிர்ந்து பரிமாறினார். கூட்டம் ஓய்ந்ததும், கையைத் துடைத்துக்கொண்டு தன்னுடைய தூக்குவாளியை எடுத்து நீட்டினார். கறியில் எலும்பில்லாத துண்டாகப் பார்த்துப் போடச் சொன்னார். மூடியை அழுத்தி மூடிக்கொண்டு விறுவிறுவென்று கேட் வரைக்கும் நடந்தவர், அங்கேயே நின்றுவிட்டார்.

அம்மா பக்கத்தில் வந்தார்.

"யாருக்கு அண்ணாச்சி?"

"செல்லத்துரைக்கு." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "வருஷா வருஷம் கொண்டு போயிப் பழகிட்டு. காலையில கை தன்னால வாளிய எடுத்துட்டு வந்துட்டு. அவனுக்குப் பல்லு கெடையாதும்மா. அதான் எலும்பில்லாம."

அம்மா மெதுவாகக் கேட்டார்.

"அவரு கேப்பாரா, சோறு கொண்டு வான்னு?"

"எங்க கேக்க? உங்க கோவில் சோறு எனக்கு எதுக்குலேன்னு வைவான். அண்ணன்னு கூடப் பாக்கமாட்டான். நான் அடுப்படியில வச்சிட்டு வந்துருவேன். மறுநா போனா வாளி கழுவிக் கவுத்திருக்கும்."

"ஒரு வருஷமாவது விட்டுருக்கலாமே. வையுறவனுக்கு எதுக்குன்னு."

"அது எப்படிம்மா? அவன் வரமாட்டான்னா நாமதான போகணும்."

"இந்த வெயில்ல, முட்டு வலியோட."

"தம்பில்லா."

அம்மா வாளியைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். அது இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, வரமாட்டேங்கிறவனுக்கும் எடுத்துட்டுப் போகணும்னு உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு?"

ஞானாபரணம் கோவில் உச்சியில் இருந்த சிலுவையை நிமிர்ந்து பார்த்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே மணலில் உட்கார்ந்தார். தம்பி செத்த அன்றைக்கு வராத அழுகை அப்போதுதான் வந்தது.