காரணம் எழுதும் கட்டம்

எங்கள் அரசுத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. அரசுக்குச் சொல்லும் சட்டக் கருத்தை எந்த ஜூனியர் எழுதினாலும் அது தலைமை வழக்கறிஞர் பெயரில்தான் போகும். எழுதியவர் பெயர் பதிவறைப் பிரதியில் மட்டும் இருக்கும்.

புதிதாக வந்த தலைமை வழக்கறிஞர் சடகோபன், பதிவறை எழுத்தர் பிலோமினாவை எங்கள் முன்னால் கூப்பிட்டார்.

“உப்பளத்துக் குடிசைகளைக் காலி பண்ண அரசுக்கு உரிமை இல்லைன்னு இருபது வருஷம் முந்தி எவனோ ஒரு முட்டாள் கருத்து எழுதியிருக்கானாம். நாளைக்கு வழக்கு. அந்த ஃபைல் இருக்கக் கூடாது. இருந்தா உனக்கு இங்கே வேலை இருக்காது.”

ஜூனியர்கள் எட்டுப் பேர் நின்றோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

பிலோமினா ஃபைலோடு ஒரு படிவத்தையும் கொண்டுவந்தார்.

“எடுத்துடலாம் சார். எதை நீக்கினாலும் இதை நிரப்பணும். முக்கால்வாசி நிரப்பிட்டேன், படிக்கட்டுமா?”

“படி.”

“நீக்கச் சொன்னவர், சடகோபன். கருத்தை எழுதியவர், அப்போ ஜூனியரா இருந்த சடகோபன். காரணம் மட்டும் எனக்குத் தெரியலை சார். நீங்களே எழுதிடுங்க.”

சடகோபன் ஃபைலைப் புரட்டினார். அவர் கையெழுத்தேதான். பேனாவை எடுத்தார், வைத்தார். எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் அந்தக் கருத்தை அவரே நீதிபதியிடம் கொடுத்தார். குடிசைகள் தப்பின.

படிவம் இன்னும் பதிவறையில் இருக்கிறது. காரணக் கட்டத்தில் ஒரு மைப்புள்ளி மட்டும். அதற்குக் கீழே ‘ஆட்சேபம் சொன்னவர்’ என்ற கட்டத்தில் பிலோமினா எழுதியிருக்கிறார்: “எட்டு வக்கீல்கள் இருந்தார்கள். ஒருவரும் சொல்லவில்லை.”