குதியானின் பின்னங்கால்

மேட்டு முயல்களுக்கும் பள்ளத்து முயல்களுக்கும் ஆண்டுதோறும் சடுகுடு நடக்கும். ஜெயித்தால் ஓடைக்கரைப் புல்வெளி. தோற்றால் கோடை முழுவதும் காய்ந்த சருகு. விளையாட்டுதான், ஆனால் வயிற்றுப் பிரச்சினை.

மேட்டு அணியில் எதிரிக் கோட்டுக்குள் பாடிப் போவதில் கெட்டிக்காரன் குதியான். போட்டிக்குச் சில வாரங்கள் முன்பு, பயிற்சியில் எகிறித் தாவினான். பின்னங்கால் மடங்கியது. விழுந்து கத்தினான்.

அடிபட்டவர்களுக்குக் கட்டுப்போடக் கோட்டோரம் எப்போதும் நிற்கும் கீரி ஒரே பாய்ச்சலில் வந்தது.

"எலும்பு உடையவில்லை. கத்தாதே!"

குளிர்ந்த சேற்றைப் பூசியது. கொடியால் கட்டியது. "அசையக்கூடாது!"

நல்ல வேலை. வீக்கம் வற்றியது. கீரி அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"அண்ணே, ஓடைக்குப் போகட்டுமா? அடிபட்ட காலுக்கு நீர்நாய் அக்காதானே நடை பழக்குவாங்க?"

"கட்டினவன் நான். அந்த மீன்தின்னிக்கு இங்கே என்ன வேலை? படு!"

படுத்துப் படுத்துக் கால் குச்சியானது. ஒருநாள் கீரி கண்ணயர்ந்தபோது குதியான் நொண்டிக்கொண்டே ஓடைக்குப் போய்விட்டான்.

நீர்நாய் கட்டை அவிழ்த்தது. "இது காலா, கோரைத்தண்டா? வீக்கம் வற்றியதுமே வந்திருக்க வேண்டாமா?"

இடுப்பளவுத் தண்ணீரில் நடக்கவைத்தது. ஈரமணலில் ஒற்றைக்காலில் நிற்கவைத்தது. அழுதால் இன்னொரு சுற்று! கால் தேறியது.

"குணமாகிவிட்டது. போய் ஆடு!"

"கீரி அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு..."

"கோட்டோரம் நின்று வேடிக்கை பார்க்கிறவனுக்குக் காலைப் பற்றி என்ன தெரியும்?"

குதியானுக்கு எரிச்சல் வந்தது. "கால் என்னுடையது! இரண்டு பேரும் களத்துக்கு வந்து பாருங்கள்!"

வந்தார்கள், ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"ஓடு!" என்றது கீரி. ஓடினான். "சட்டென்று திரும்பு!" திரும்பினான். கால் தள்ளாடியது.

"பார்த்தாயா? சடுகுடுவில் திரும்பத் தெரியாதவன் பிடிபடுவான்!"

நீர்நாய் மூக்கைச் சொறிந்தது. "நான் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லையப்பா."

கீரியும் இறங்கி வந்தது. "கட்டிப்போட்டுக் குச்சியாக்கியது நான்தான்."

அப்புறம் சண்டை இல்லை. களத்தில் கால் எப்படியெல்லாம் முறுக்கும் என்று கீரி காட்டியது. அதைத் தாங்கும் பலத்தை நீர்நாய் ஏற்றியது. இருவரும் தலையசைத்த பிறகுதான் குதியான் போட்டிக்கு இறங்கினான்.

கடைசியாகப் பாடிப் போனதும் அவன்தான். நாலு முயல்கள் பாய்ந்தன. அடிபட்ட காலையே ஊன்றிச் சட்டென்று திரும்பினான். கோட்டைத் தொட்டான். புல்வெளி மேட்டு முயல்களுக்கு!

"என் கட்டு!" என்றது கீரி.

"என் தண்ணீர்!" என்றது நீர்நாய்.

குதியான் அதற்குள் மேய்ந்துகொண்டிருந்தான். வாய் நிறையப் புல்.

விழுந்த இடத்தில் தாங்க ஒருவர் வேண்டும், மறுபடி நடக்கவைக்க ஒருவர் வேண்டும். தன் வேலை முடிந்ததும் அடுத்தவரிடம் ஒப்படைக்கத் தெரிந்தவரே நல்ல வைத்தியர்.