அனுப்பாத முதலாளி

"ஒருத்தரைக்கூட நான் வீட்டுக்கு அனுப்பலீங்கம்மா. அப்புறம் ஏனுங்க அவன் போறேங்கறான்?"

மடத்தம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாருண்ணா?"

"மாரப்பனுங்க. லேத்து மிசின்ல நிக்கறவன். பட்டறை ஆரம்பிச்சதுல இருந்து எங்கூட இருக்கறவன்."

நாச்சிமுத்துவுக்குக் கோயம்புத்தூர் கணபதியில் மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் செய்கிற பட்டறை. ஒரு வருஷத்துக்கு மேலாக ஆர்டர் வற்றிப்போயிருந்தது. அவர் தெருவில் ஒவ்வொரு ஷட்டராக இறங்கிக்கொண்டே வந்தது. வேலை போனவர்கள் சாப்பாட்டுப் பையோடு பட்டறை பட்டறையாக ஏறி விசாரித்துவிட்டு, வெயிலில் திரும்பிப் போனார்கள்.

நாச்சிமுத்து மட்டும் யாரையும் அனுப்பவில்லை. சூலூர்ப் பக்கம் இருந்த இடத்தை விற்றுச் சம்பளம் போட்டார். மகன் சண்டை பிடித்துப் பேச்சை நிறுத்திவிட்டான். கல்யாண வீடுகளில் முன்பின் தெரியாதவர்கள்கூட அவரைத் தேடி வந்து கும்பிட்டார்கள்.

மடத்தம்மா அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் மனசு குழம்பினால் நாச்சிமுத்து ஆனைகட்டி மலையடிவாரத்துக்கு, இந்த மடத்துக்குத்தான் வருவார். இன்றைக்கு வந்ததுபோல் குழம்பி அவர் என்றைக்கும் வந்ததில்லை.

"அவருக்கு வேற எடத்துல வேலை கிடைச்சிருக்குங்களா?"

"எங்கீங்க கிடைக்கும்? ஊரே காஞ்சு கெடக்குது. பொண்ணு காலேஜ் படிக்குது. போய் என்ன பண்ணுவான்னு நெனச்சா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

"நீங்க ஏதாச்சும் திட்டினீங்களா?"

"அய்யோ, இல்லீங்க. தெனம் காலைல எல்லாரையும் நிக்க வெச்சுத் தைரியம்தான் சொல்றேன். ஊரு பூரா ஆளை அனுப்புது, நான் அனுப்ப மாட்டேன், பயப்படாதீங்கன்னு."

கீரையில் அம்மாவின் கை நின்றது.

"தெனமுங்களா?"

"தெனமுங்க."

அம்மா எழுந்து கீரையைச் சமையல்கட்டில் கொடுத்துவிட்டு வந்தார்.

"ரெண்டு மூணு நாள் இங்கயே தங்கிட்டுப் போங்கண்ணா."

அது குருபூஜை சமயம். மடம் நிரம்பி வழிந்தது. மண்டபத்தில் பாயோடு பாய் இடித்துக்கொண்டு ஆட்கள் படுத்திருந்தார்கள். நாச்சிமுத்துவுக்கு ஃபேனுக்கு அடியில் இடம் கிடைத்தது.

மதியப் பந்தியில் அம்மா அவர் இலைக்கு முன்னால் வந்து நின்றார். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"வந்தவங்க பல பேருக்கு எடமில்லை. ஆனாலும் நாச்சிமுத்தண்ணாவை நான் அனுப்பலை."

நாச்சிமுத்துவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. எச்சில் கையோடு கும்பிட்டார்.

சாயங்காலம் பால்காரர் வந்தார். அம்மா அவரிடமும் சொன்னார்.

"இவரு நாச்சிமுத்தண்ணா. கூட்டம் தாங்க முடியலை. ஆனாலும் இவரை அனுப்பலை."

பால்காரர் அவரை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார். நாச்சிமுத்துவும் சிரித்து வைத்தார்.

ராத்திரிப் பந்தியிலும் அம்மா சொன்னார். மறுநாள் காலையில், பூஜைக்கு மணி அடிக்கும் முன்னால், எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் பிரியமாகத்தான் சொன்னார். குத்தல் துளிகூட இல்லை. முகத்தை உற்றுப் பார்த்தும் நாச்சிமுத்துவால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"குடுத்து வெச்சவருங்க நீங்க," என்றார் பக்கத்துப் பாய்க்காரர்.

"ஆமாங்க," என்றார் நாச்சிமுத்து.

அதற்கப்புறம் அவருக்கு என்னவோ ஆயிற்று.

தலையணை வேண்டும் என்று கேட்க நினைத்தார். கேட்கவில்லை. ரசம் இன்னொரு கரண்டி வேண்டியிருந்தது. இலையை மடித்துவிட்டார். யாரும் சொல்லாமலே விளக்குமாற்றை எடுத்து மண்டபத்தைப் பெருக்கினார். பெருக்கும்போது அம்மா அந்தப் பக்கம் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டார். பார்த்துக்கொண்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

அன்றைக்குச் சாம்பாரில் உப்பே இல்லை.

"எப்படிண்ணா இருக்கு?" என்றார் அம்மா.

"நல்லா இருக்குங்கம்மா."

அம்மா தலையசைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனார். அடுத்த இலையில் இருந்த கிழவி, "உப்பில்லை தாயீ," என்றாள். சமையல்கட்டிலிருந்து உப்புக் கிண்ணம் வந்தது. நாச்சிமுத்து அதைத் தொடவில்லை. இப்போது போட்டுக்கொண்டால் முன்னே சொன்னது பொய்யாகிவிடுமே என்று அப்படியே விழுங்கினார்.

மூன்றாம் நாள் விடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். அம்மா அங்கே கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏண்ணா, கிளம்பிட்டீங்க?"

"இங்க இருக்க முடியலீங்கம்மா."

"படுக்க வசதியில்லீங்களா?"

"அதெல்லாம் கொறையில்லீங்க."

"நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டனா?"

நாச்சிமுத்து யோசித்துப் பார்த்தார். அம்மா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. ஒன்றுகூடக் கடுஞ்சொல் இல்லை. ஆனால் இன்னும் ஒரு தடவை அதைக் கேட்டால் அழுதுவிடுவோம் போல இருந்தது.

"தெரியலீங்கம்மா," என்றார்.

அம்மா கோலத்தின் அடுத்த இழையை இழுத்தார்.

நாச்சிமுத்து நகராமல் நின்றார். "அப்ப நான் அவங்களை அனுப்பியிருக்கோணுங்களா?"

"அதை ஏண்ணா என்கிட்டக் கேக்கறீங்க?"

பஸ்ஸில் வழியெல்லாம் அந்தப் பதிலோடு மல்லுக்கட்டினார். அனுப்பினாலும் பாவம். வைத்துக்கொண்டாலும் குற்றமா? வயிற்றுக்குச் சோறு போட்டவனுக்கு இது என்ன கூலி? கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் அதுவும் நிற்கவில்லை.

வீட்டுக்குப் போகாமல் நேரே மாரப்பன் வீட்டுக்குப் போனார். சங்கனூரில் ஒரு லைன் வீடு. இத்தனை வருஷத்தில் மாரப்பன் மகளின் பூப்புச் சீருக்கு ஒரு தடவை வந்ததுதான்.

மாரப்பன் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நாச்சிமுத்து உட்கார்ந்த பிறகும் தான் நின்றுகொண்டே இருந்தார்.

"உக்காரு மாரப்பா."

"பரவால்லீங்க மொதலாளி."

நாச்சிமுத்துவுக்கு எங்கே ஆரம்பிப்பது என்று புரியவில்லை. 'உன்னை நான் விடமாட்டேன்' என்று சொல்லத்தான் பஸ் ஏறியிருந்தார். இப்போது அது நாக்கிலேயே நின்றுவிட்டது. லேத்தில் கடைய வெளியிலிருந்து வாங்கும் இரும்பு வார்ப்பைப் பற்றி, வாய்க்கு வந்ததைக் கேட்டார்.

"இப்ப வர்ற காஸ்டிங் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க மொதலாளி."

மடத்துப் பந்தியில் தன்னிடமிருந்து வந்த அதே குரலை நாச்சிமுத்து அடையாளம் கண்டுகொண்டார்.

"எப்படி இருக்கு மாரப்பா?"

மாரப்பன் வாசலைப் பார்த்தார். சம்சாரத்தைப் பார்த்தார். அந்தம்மா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டது.

"ஓட்டை ஓட்டையா வருதுங்க. கடையக் கடையப் பாதி கழியுது. இப்படியே போனா ஆர்டர் குடுக்கற ஒண்ணு ரெண்டு பார்ட்டியும் சரக்கைத் திருப்பி அனுப்பிருவாங்க."

"எத்தனை நாளா?"

"நீங்க காஸ்டிங் வாங்கற ஆளை மாத்தினதுல இருந்தே."

"ஏன்டா சொல்லலை?"

"எப்படீங்க சொல்றது? எங்களுக்காக எடத்தை வித்துட்டு நிக்கறீங்க. மலிவாக் கிடைக்குதுன்னு வாங்கறீங்க. அதுல போய் நான் நொட்டை சொன்னா நல்லா இருக்குங்களா?"

"அதுக்காகவா போறேங்கறே?"

"அதுக்கு மட்டுமில்லீங்க."

மாரப்பன் சுவரைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னார்.

"நம்ம பட்டறைல வேலை பாக்கற கிட்டானும் ரங்கனும் கணக்கை முடிச்சு வாங்கிட்டு ஊருக்குப் போலாம்னு இருக்காங்க. நாலு ஆடு வாங்கிப் பொழச்சுக்கலாம்னு யோசனை. தீவாளியில இருந்து பேசிட்டிருக்காங்க. உங்ககிட்டக் கேக்கத்தான் வாய் வரலை. அனுப்பவே மாட்டேன்னு சொல்ற மனுசன்கிட்ட, அனுப்புங்கன்னு எப்படிக் கேக்கறதுன்னு. தெனம் அதைக் கேட்டுட்டு எனக்கும் அங்க நிக்க முடியலீங்க."

நாச்சிமுத்துவுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. விற்றுவிட்ட அந்தச் சூலூர் இடம் அவர் அப்பா கிணறு வெட்டிய இடம்.

"உங்களுக்காகத்தானே நான்..."

பாதியில் நிறுத்தினார். மாரப்பனின் தலை கவிழ்ந்திருந்தது.

தெருவில் தண்ணீர் வண்டி வந்து நின்றது. குடங்கள் மோதிக்கொள்கிற சத்தம் கேட்டது. மாரப்பனின் சம்சாரம் இரண்டு குடத்தோடு அவர்களைத் தாண்டி வெளியே ஓடியது.

நாச்சிமுத்து எழுந்தார். நாற்காலியை மாரப்பன் பக்கம் தள்ளிவிட்டு, தான் படியில் உட்கார்ந்துகொண்டார்.

"வேற?" என்றார்.